கேப்டன் பதவி: தருவது யார், பறிப்பது யார்?

2025 மார்ச் 9 அன்று துபாயில் ரோகித் சர்மா சாம்பியன்ஸ் கோப்பையை ஏந்தி நின்றார். ஏழு மாதம் முடிவதற்குள், அக்டோபர் 4 அன்று, ஒருநாள் அணியின் கேப்டன் பொறுப்பு அவரிடமிருந்து சுப்மன் கில்லுக்குப் போனது. அதே அக்டோபரில் மகேந்திர சிங் தோனி மதுரைக்கு வந்து, சிந்தாமணிப் பகுதியில் கட்டப்பட்டிருக்கும் புதிய கிரிக்கெட் மைதானத்தைத் திறந்து வைத்தார். இந்த இரண்டு செய்திகளும் அடுத்தடுத்து வந்ததால் மதுரை ரசிகர்களிடம் இரண்டு கேள்விகள் எழுந்தன. கோப்பையை வென்றவரை ஏன் மாற்ற வேண்டும்? நம் ஊர்ப் பையன் ஒருவன் நாளை அந்த இடத்துக்குப் போக வேண்டுமானால் வழி என்ன?

இரண்டுக்கும் விடை சொல்ல வேண்டுமானால், அந்தப் பதவி எப்படி இயங்குகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். எல்லைக்கோட்டுக்கு உள்ளே கேப்டனுக்கு உள்ள அதிகாரம் வேறெந்தக் குழு விளையாட்டிலும் காண முடியாத அளவுக்குப் பெரியது. கோட்டுக்கு வெளியே அவருக்கு உள்ளது பெரும்பாலும் கருத்துச் சொல்லும் உரிமை மட்டும். பழியோ இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேரும். ஒரு கேப்டனின் வாழ்க்கையில் ஏறுமுகம், இறங்குமுகம் எல்லாம் இந்த இடைவெளியில்தான் நடக்கின்றன.

சட்டம் தரும் அதிகாரம்

கிரிக்கெட் சட்டங்களைப் பராமரிப்பது லண்டனில் உள்ள எம்.சி.சி. அமைப்பு. அதன் முதல் சட்டமே பதினொரு பேர், அதில் ஒருவர் கேப்டன் என்றுதான் ஆரம்பிக்கிறது. கேப்டன் களத்தில் இல்லாவிட்டால் அவருக்குப் பதிலாக ஒருவர் இருந்தே ஆக வேண்டும். சட்டமும் போட்டி விதிகளும் அவர் கையில் கொடுத்திருப்பவை இவை:

1. ஆடப்போகும் வீரர்களின் பட்டியலை டாஸுக்கு முன்பாக எழுத்தில் நடுவரிடம் கொடுப்பது. கொடுத்தபின் ஒரு பெயரை மாற்ற வேண்டுமென்றால் எதிரணி கேப்டன் சம்மதிக்க வேண்டும். ஐ.பி.எல். போட்டியில் 2023 முதல் இதைத் தளர்த்தி, டாஸ் முடிந்தபின் பட்டியலைத் தர அனுமதித்திருக்கிறார்கள்.

2. டாஸ் வென்றால் பேட்டிங்கா, பந்துவீச்சா என்று முடிவு சொல்வது.

3. யார் எந்த ஓவரை வீசுவது, எந்த ஃபீல்டர் எங்கே நிற்பது என்று தீர்மானிப்பது. பயிற்சியாளர் பெவிலியனிலிருந்து செய்தி அனுப்பலாம், உத்தரவு கேப்டனுடையது.

4. விக்கெட்டுகள் மிச்சம் இருக்கும்போதே தன் அணியின் இன்னிங்ஸை முடித்துக்கொள்வது (டிக்ளேர்), பின்தங்கிய எதிரணியை உடனே மீண்டும் பேட் செய்ய வைப்பது (ஃபாலோ-ஆன்). ஐந்து நாள் டெஸ்ட்டில் 200 ரன் முன்னிலை இருந்தால் ஃபாலோ-ஆன் கொடுக்கலாம். மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பை போன்ற நான்கு நாள் ஆட்டத்தில் 150 ரன் போதும்.

5. ஃபீல்டிங் செய்யும்போது மூன்றாம் நடுவரிடம் ரிவியூ கேட்பது. பந்துவீச்சாளர் எத்தனை முறை குதித்துக் கேட்டாலும், 15 விநாடிக்குள் கையால் சைகை காட்ட வேண்டியவர் கேப்டன்தான்.

6. நடுவரின் ஒப்புதலோடு, அவுட் என்று கேட்ட அப்பீலைத் திரும்பப் பெறுவது.

ஆறாவது அதிகாரத்தை எவரும் எளிதில் பயன்படுத்துவதில்லை. 2011இல் நாட்டிங்காமில் நடந்த டெஸ்ட்டில் தோனி பயன்படுத்தினார். தேநீர் இடைவேளைக்கு முந்தைய கடைசிப் பந்து எல்லைக்கோட்டுக்குப் போய்விட்டது என்று எண்ணி இங்கிலாந்தின் இயன் பெல் நடையைக் கட்டினார். பந்து கோட்டைத் தாண்டவில்லை. திரும்பி வந்த பந்தை வாங்கிப் பெயில்ஸைத் தட்டியவர் தமிழகத்தின் அபினவ் முகுந்த். சட்டப்படி அவுட். 137 ரன்னில் இருந்த பெல்லை, இடைவேளை முடிந்ததும் தோனி மீண்டும் ஆட அழைத்தார். பெல் மேலும் 22 ரன் எடுத்தார். இந்தியா அந்த ஆட்டத்தில் தோற்றது. அந்தச் செயலுக்காக உலகக் கிரிக்கெட்டை நிர்வகிக்கும் ஐ.சி.சி. 2020இல் பத்தாண்டுக்கான விளையாட்டு உணர்வு விருதை அவருக்கு வழங்கியது.

இவற்றோடு ஒரு சுமையும் உண்டு. அணி வீரர்கள் ஒழுங்காக நடந்துகொள்வதற்கும் கேப்டனே பொறுப்பு என்று சட்டம் சொல்கிறது. எவனோ ஒருவன் நடுவரிடம் முறைத்தால், கேப்டனையும் அழைத்துப் பேசுவார்கள்.

கோட்டுக்கு வெளியே யார் கையில் என்ன

மேலே உள்ள பட்டியலில் இல்லாத ஒன்றைக் கவனிக்க வேண்டும். அணிக்கு யாரை எடுப்பது என்பது அதில் இல்லை. குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

இந்திய அணிக்கு வீரர்களையும் கேப்டனையும் தேர்ந்தெடுப்பது கிரிக்கெட் வாரியத்தின் தேர்வுக் குழு. ஐந்து பேர் கொண்ட அந்தக் குழுவுக்கு 2023 ஜூலையில் அஜித் அகார்கர் தலைவரானார். குழுவின் கூட்டத்தில் கேப்டனிடம் கருத்துக் கேட்பார்கள். அவருக்கு ஓட்டு கிடையாது. தேர்ந்தெடுத்துக் கொடுத்த பதினைந்து பதினாறு பேரிலிருந்து பதினொரு பேரைப் பிரிக்கும்போதுதான் பயிற்சியாளரோடு சேர்ந்து கேப்டனின் குரல் கனக்கத் தொடங்குகிறது.

ரஞ்சி அணிக்கு மாநிலச் சங்கத்தின் தேர்வுக் குழு இதே வேலையைச் செய்கிறது. ஐ.பி.எல்., டி.என்.பி.எல். (தமிழ்நாடு பிரீமியர் லீக்) போன்ற லீக் போட்டிகளில் நிலைமை வேறு. அங்கே அணி ஒருவரின் சொத்து. கேப்டனை நியமிப்பதும் நீக்குவதும் உரிமையாளர் தரப்பு. அவர்கள் விளக்கம் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம்.

மதுரை அணியிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2023 டி.என்.பி.எல். போட்டிக்காக இந்திய வீரர் வாஷிங்டன் சுந்தரை மதுரை பாந்தர்ஸ் ஏலத்தில் எடுத்தது. கேப்டன் பொறுப்போ ஹரி நிஷாந்துக்குத்தான் போனது. பெரிய பெயர் இருக்க இன்னொருவர் ஏன் என்று கேட்கலாம். இந்திய அணியிலிருந்து எப்போது அழைப்பு வரும் என்று சொல்ல முடியாத ஒருவரிடம் தொடர் முழுவதற்குமான பொறுப்பைக் கொடுப்பது எந்த அணிக்கும் கடினம். கேப்டனுக்கு முதல் தகுதி, எல்லா ஆட்டத்திலும் அவர் இருப்பார் என்ற உறுதி. ரசிகர்கள் இதை யோசிப்பது குறைவு; உரிமையாளர்கள் முதலில் யோசிப்பதே இதைத்தான்.

பணத்தைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. டெஸ்ட் ஆட்டம் ஒன்றுக்கு வாரியம் தரும் சம்பளம் 15 லட்சம் ரூபாய், ஒருநாள் ஆட்டத்துக்கு 6 லட்சம், டி20 ஆட்டத்துக்கு 3 லட்சம். பதினொரு பேருக்கும் அதே தொகைதான். வாரியத்தின் ஆண்டு ஒப்பந்தத்திலும் கேப்டனுக்கென்று தனித் தரம் கிடையாது. விளம்பர வருமானம் கூடலாம். பதவிக்கென்று தனிச் சம்பளம் வருவதில்லை.

மதுரையிலிருந்து எத்தனை படி

தமுக்கம் பக்கமோ ரேஸ்கோர்ஸ் பக்கமோ மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு காலையில் கிளம்பும் பையனுக்கு முன்னால் உள்ள பாதை நீளமானது, ஆனால் மறைவானது அல்ல. மாவட்டச் சங்கத்தின் லீக், வயதுப் பிரிவு மாவட்ட அணி, மாவட்டங்களுக்கு இடையிலான போட்டி. அங்கே கண்ணில் பட்டால் மாநில வயதுப் பிரிவு அணி: 16 வயதுக்குட்பட்டோருக்கு விஜய் மெர்ச்சன்ட் கோப்பை, 19க்கு கூச் பெஹார் கோப்பை, 23க்கு சி.கே. நாயுடு கோப்பை. அதற்கும் மேலே ரஞ்சி.

இடையில் இன்னொரு படி இருக்கிறது. அதைச் சொல்லாமல் தமிழகக் கிரிக்கெட்டைப் புரிந்துகொள்ள முடியாது. சென்னையின் முதல் டிவிஷன் லீக் அது. நிறுவனங்களின் ஆதரவில் இயங்கும் கிளப் அணிகள் அங்கே ஆடுகின்றன. மாநில அணித் தேர்வாளர்களின் கண் நிரந்தரமாக அங்கேதான் இருக்கிறது. தென் மாவட்டத்துப் பையன்கள் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறிப் போய், சென்னையில் தங்கி, அந்த லீக்கில் இடம் பிடித்த பிறகே பெயர் வாங்க முடிந்தது. 2016இல் டி.என்.பி.எல். தொடங்கிய பிறகு இந்த நிலை ஓரளவு தளர்ந்தது. நத்தத்திலும் திருநெல்வேலி சங்கர் நகரிலும் ஆட்டங்கள் நடக்கத் தொடங்கின. தொலைக்காட்சியில் தேர்வாளர்கள் பார்க்கத் தொடங்கினார்கள்.

அதன் பலன் 2018இல் தெரிந்தது. அந்த ஆண்டு டி. ரோகித் தலைமையில் மதுரை பாந்தர்ஸ், திண்டுக்கல் டிராகன்ஸை இறுதி ஆட்டத்தில் 7 விக்கெட் வித்தியாசத்தில் வென்று கோப்பையை எடுத்தது. அதுவரை பெரிதாக அறியப்படாத வருண் சக்கரவர்த்தி என்ற சுழற்பந்து வீச்சாளர் அந்தத் தொடரில் மதுரைக்காக வீசினார். அதே ஆண்டு டிசம்பரில் நடந்த ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி அவரை 8.4 கோடி ரூபாய்க்கு எடுத்தது. பின்னாளில் இந்திய அணிக்கும் ஆடினார். அறிமுகமில்லாத ஒருவரிடம் கேப்டன் ஒருவர் நம்பி ஓவரைக் கொடுக்காவிட்டால் ஏலத்தில் அவர் பெயரைப் படிக்க யாருக்கும் காரணம் இருந்திருக்காது. கேப்டனின் கணக்கில் எழுதப்படாத சாதனை என்றால் இப்படிப்பட்டதுதான்.

வயதுப் பிரிவில் கேப்டனாக இருந்தால் பெரிய அணியிலும் ஆகிவிடலாம் என்ற நம்பிக்கை பெற்றோர்களிடம் இருக்கிறது. பதிவுகள் அப்படிச் சொல்லவில்லை. 2000 முதல் 2022 வரை 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை இந்தியா ஐந்து முறை வென்றது. கேப்டன்கள் முகமது கைஃப், விராட் கோலி, உன்முக்த் சந்த், பிருத்வி ஷா, யஷ் துல். இவர்களில் இந்தியாவின் முதன்மை அணிக்குக் கேப்டனானவர் கோலி ஒருவர்தான். 2018இல் பிருத்வி ஷாவுக்குத் துணைக் கேப்டனாக இருந்தவர் சுப்மன் கில். பதினெட்டு வயதில் யார் பெயருக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

ஓவர் கணக்கு: கேப்டன் சம்பாதிக்கும் இடம்

கேப்டனின் திறமை என்று பொதுவாகப் பேசுவதை, ஒரு டி20 ஆட்டத்தின் கடைசி ஐந்து ஓவர்களில் கண்ணால் பார்க்கலாம். ஒரு பந்துவீச்சாளர் அதிகபட்சம் 4 ஓவர்தான் வீச முடியும். ஆகவே 20 ஓவரை முடிக்கக் குறைந்தது ஐந்து பேர் வேண்டும். கற்பனையாக ஒரு நிலைமை: 15 ஓவர் முடிந்துவிட்டது. எதிரணிக்கு 30 பந்தில் 52 ரன் தேவை. உங்கள் முதன்மை வேகப்பந்து வீச்சாளரிடம் 2 ஓவர், இரண்டாவது வேகத்திடம் 1, சுழலிடம் 1, பகுதிநேரப் பந்துவீச்சாளரிடம் 1.

வழக்கமான விடை, முதன்மை வீரருக்கு 18, 20 ஆகிய ஓவர்களைக் கொடுப்பது. அதில் உள்ள ஆபத்து: 16, 17 இரண்டிலும் சேர்த்து 35 ரன் போய்விட்டால், 20ஆவது ஓவருக்கு வேலையே இருக்காது. சிறந்த ஆயுதம் உறையிலேயே இருக்க ஆட்டம் முடிந்துவிடும். இன்னொரு விடை, அவரை 16ஆவது ஓவருக்கே கொண்டுவந்து, களத்தில் ஊன்றி நிற்கும் பேட்ஸ்மேனை எடுக்கப் பார்ப்பது. புதிதாக இறங்குகிறவர் முதல் சில பந்துகளில் தடுமாறினால், சுழலும் பகுதிநேரமும் தப்பித்துவிடும். விக்கெட் விழவில்லை என்றால் கடைசி ஓவர் சுமாரான ஒருவரின் கையில் போய்ச் சேரும்.

இதில் காற்றும் சேரும். டி.என்.பி.எல். ஆனி, ஆடி மாதங்களை ஒட்டி நடக்கும் தொடர். அந்த மாதங்களில் தென் மாவட்ட மைதானங்களில் காற்று ஓயாது. காற்றோடு தூக்கி அடித்தால் தவறிப் பட்ட பந்தும் கோட்டைத் தாண்டும். காற்றை எதிர்த்து அடித்தால் நன்றாகப் பட்ட பந்தே லாங்-ஆனில் நிற்பவர் கைக்கு வரும். ஆகவே பகுதிநேரப் பந்துவீச்சாளரின் ஒரே ஓவரை, பேட்ஸ்மேன் தனக்குப் பிடித்த பக்கத்தில் அடித்தால் காற்றை எதிர்க்க வேண்டியிருக்கும் முனையிலிருந்து வீச வைக்க வேண்டும். முனைகள் ஓவருக்கு ஓவர் மாறுவதால், அந்த முனை ஒற்றைப்படை ஓவர்களுக்கு வருவது என்றால், அந்த ஓவர் 17ஆகவோ 19ஆகவோதான் இருக்க முடியும் என்று கணக்கு இறுகுகிறது. 19இல் அவரை நம்ப முடியாது. அப்படியானால் 17. அப்படியானால் 16ஆம் ஓவர் யார்? அதே மைதானத்தில் இடக்கை பேட்ஸ்மேன் எதிர்முனைக்கு வந்துவிட்டால், போட்ட கணக்கு முழுவதும் தலைகீழ்.

இத்தனையையும் ஒரு ஓவர் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளிக்குள் யோசித்து, பந்தை ஒருவர் கையில் வைத்து, மிட்-விக்கெட்டில் நிற்பவனை நாலு எட்டு பின்னால் போகச் சொல்லி, வீசுகிறவனின் முகத்தில் பயம் தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். தொலைக்காட்சி இந்த நேரத்தில் விளம்பரம் போடுகிறது.

தோனியின் பெயர் நிலைத்தது இப்படிப்பட்ட இரண்டு முடிவுகளில். 2007 டி20 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானுக்குக் கடைசி ஓவரில் 13 ரன் தேவை. அனுபவம் மிக்க ஹர்பஜன் சிங்குக்கு ஒரு ஓவர் மீதி இருந்தது. ஆனால் அவருடைய முந்தைய ஓவரில் மிஸ்பா உல் ஹக் மூன்று சிக்ஸர் அடித்திருந்தார். தோனி பந்தை ஜோகிந்தர் சர்மாவிடம் கொடுத்தார். ஒரு சிக்ஸர் போனது. அடுத்த பந்தில் மிஸ்பா கேட்ச் ஆனார். 5 ரன்னில் வெற்றி. 2013 சாம்பியன்ஸ் கோப்பை இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்துக்கு 18 பந்தில் 28 ரன் தேவை. அதுவரை ரன்னை வாரிக் கொடுத்திருந்த இஷாந்த் சர்மாவை 18ஆவது ஓவருக்கு அழைத்தார். அடுத்தடுத்த பந்துகளில் மார்கனும் போபாராவும் அவுட். அங்கேயும் 5 ரன்னில் வெற்றி.

இரண்டிலும் ஒரு பந்து சற்றே தள்ளி விழுந்திருந்தால், அதே முடிவை வைத்து அவரைக் கிழித்திருப்பார்கள். முடிவு சரியா என்பதை விளைவை வைத்து மட்டும் எடைபோடுவது நியாயமில்லை. அந்த நேரத்தில் அவர் கையில் என்னென்ன இருந்தன என்று பார்த்தால்தான் கேப்டனைப் பற்றி நேர்மையாகப் பேச முடியும்.

டாஸ் கொண்டுவரும் பழி

தமிழகத்துக்கு இது அண்மையில் நேரடியாகவே நடந்தது. 2024 மார்ச்சில் மும்பையில் ரஞ்சி அரையிறுதி. டாஸ் வென்ற தமிழகக் கேப்டன் சாய் கிஷோர் பேட்டிங்கைத் தேர்ந்தெடுத்தார். ஆடுகளம் காலையில் வேகப்பந்துக்கு உதவியது. தமிழகம் 146 ரன்னுக்குச் சுருண்டது. மும்பை ஓர் இன்னிங்ஸ், 70 ரன் வித்தியாசத்தில் வென்றது. ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் சுலக்ஷன் குல்கர்னி, முதல் நாள் காலை ஒன்பது மணிக்கே ஆட்டம் கைவிட்டுப் போனது என்ற பொருளில் பத்திரிகையாளர்களிடம் பேசினார். முதலில் பந்துவீசியிருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. தன் கேப்டனை இப்படி விட்டுக்கொடுத்தது தவறு என்று தமிழக வீரர் தினேஷ் கார்த்திக் வெளிப்படையாகக் கண்டித்தார்.

கார்த்திக் சொன்னதே சரி. பயிற்சியாளரின் கணிப்பு கிரிக்கெட் அளவில் சரியாக இருக்கலாம். ஆனால் முடிவெடுக்கும் அதிகாரம் கேப்டனுடையது என்றால், தோற்றபின் அதை ஊருக்குச் சொல்வது, அடுத்த ஆட்டத்தில் அவர் துணிந்து முடிவெடுப்பதைத் தடுக்கும். அந்தத் தொடரில் பல ஆண்டுகளுக்குப் பிறகு தமிழகத்தை அரையிறுதி வரை கொண்டுவந்தவரும் அதே சாய் கிஷோர்தான். தமிழகம் ரஞ்சிக் கோப்பையை வென்றது 1954-55, 1987-88 என இரண்டே முறை. இரண்டாவது முறை கேப்டன் எஸ். வாசுதேவன். அவருக்குப் பிறகு வந்த ஒவ்வொரு கேப்டனும் அந்தக் கோப்பையின் பாரத்தைத் தோளில் வைத்துக்கொண்டுதான் டாஸுக்குப் போகிறார்.

நேரம் தவறினால்

ஓவர்களைக் குறித்த நேரத்துக்குள் வீசி முடிக்காவிட்டால், அபராதம் முதலில் கேப்டன் தலையில் விழும். ஐ.பி.எல். போட்டியில் 2024 வரை விதி இப்படி இருந்தது: முதல் தவறுக்கு 12 லட்சம் ரூபாய், இரண்டாவதுக்கு 24 லட்சம், மூன்றாவதுக்கு 30 லட்சத்தோடு ஒரு ஆட்டம் தடை. 2024 தொடரின் கடைசியில் மும்பை கேப்டன் ஹர்திக் பாண்டியா மூன்றாவது தவறில் சிக்கியதால், 2025 மார்ச் 23 அன்று சேப்பாக்கத்தில் சென்னைக்கு எதிரான முதல் ஆட்டத்தில் அவர் ஆடவில்லை. சூர்யகுமார் யாதவ் தலைமை தாங்கினார். 2025 முதல் நேரடித் தடைக்குப் பதிலாகத் தகுதிக்குறைப்புப் புள்ளி முறை வந்தது.

டெஸ்ட்டில் ஐ.சி.சி. 2019இலேயே கேப்டனை மட்டும் தடைசெய்யும் வழக்கத்தைக் கைவிட்டு, எல்லா வீரர்களுக்கும் அபராதம், அணிக்கு உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் புள்ளி குறைப்பு என்று மாற்றியது. இதுவே நேர்மையான முறை. ஓவரை மெதுவாக வீசுவது பதினொரு பேரும் சேர்ந்து செய்யும் வேலை.

பதவி எப்படி முடிகிறது

கேப்டன்கள் பெரும்பாலும் தாங்கள் விரும்பிய நேரத்தில் இறங்குவதில்லை. தமிழகத்திலிருந்து போன இருவரின் கதை போதும்.

எஸ். வெங்கட்ராகவன் 1975, 1979 ஆகிய இரண்டு உலகக் கோப்பைகளிலும் இந்தியாவின் கேப்டன். 1979 உலகக் கோப்பையில் மூன்று ஆட்டங்களிலும் தோல்வி, இலங்கையிடமும் தோல்வி. அதைத் தொடர்ந்த டெஸ்ட் தொடரில் ஓவல் மைதானத்தில் 438 ரன்னைத் துரத்திய இந்தியா 8 விக்கெட்டுக்கு 429 எடுத்து, 9 ரன் தூரத்தில் நின்றது. கவாஸ்கர் அடித்த 221 வரலாற்றில் நிலைத்தது. அடுத்த தொடருக்குக் கேப்டன் கவாஸ்கர் என்ற செய்தி, அணி நாடு திரும்பும் விமானத்திலேயே அறிவிக்கப்பட்டது என்று கிரிக்கெட் வரலாறு எழுதுகிறவர்கள் பதிவு செய்கிறார்கள். பதவி போனதை வெங்கட்ராகவன் சக பயணிகளோடு சேர்ந்து கேட்டார்.

கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த் 1989இல் பாகிஸ்தானுக்கு அணியை அழைத்துச் சென்றார். இம்ரான் கானின் அணிக்கு எதிராக அவர்கள் மண்ணில் நான்கு டெஸ்ட்டும் டிரா. சச்சின் டெண்டுல்கர் அறிமுகமானது அந்தத் தொடரில்தான். தோற்காமல் திரும்பிய கேப்டனுக்கு அடுத்த நியூசிலாந்துப் பயணத்தில் பதவி இல்லை, அசாருதீன் கேப்டனானார். ஸ்ரீகாந்தின் பேட் அந்தத் தொடரில் பேசவில்லை என்பது காரணம். பின்னர் 2008இல் அவரே தேர்வுக் குழுத் தலைவரானார். 2011 உலகக் கோப்பையை வென்ற அணியைத் தேர்ந்தெடுத்தது அவர் குழு. மேசையின் இரு பக்கத்திலும் உட்கார்ந்த தமிழர் அவர்.

இப்போது மதுரை ரசிகர்கள் ‘தல’ என்று கொண்டாடும் தோனியின் வாழ்க்கையை இதே கண்ணோடு பார்க்கலாம். ராஞ்சியில் பிறந்தவர், கரக்பூரில் ரயில்வே டிக்கெட் பரிசோதகர், 2004 டிசம்பரில் முதல் ஒருநாள் ஆட்டத்தில் ரன் எடுக்காமல் ரன் அவுட். 2007இல் மூத்த வீரர்கள் டி20 உலகக் கோப்பைக்கு வராததால் இளைஞர் அணிக்குக் கேப்டன் தேவைப்பட்டது. அவர் பெயரைப் பரிந்துரைத்தவர்களில் டெண்டுல்கரும் ஒருவர். 2008இல் கும்ப்ளேக்குப் பின் டெஸ்ட் கேப்டன், 2009 டிசம்பரில் டெஸ்ட் தரவரிசையில் முதலிடம், 2011இல் உலகக் கோப்பை. பிறகு சறுக்கல். இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் அடுத்தடுத்து எட்டு டெஸ்ட் தோல்வி. 2012 தொடக்கத்தில் தேர்வுக் குழு அவரை மாற்ற விரும்பியது என்றும், வாரியத் தலைவர் என். சீனிவாசன் ஒப்புதல் தரவில்லை என்றும் அந்தக் குழுவில் இருந்த மொகிந்தர் அமர்நாத் பின்னர் வெளியிட்டார். அந்தக் கையெழுத்து விழுந்திருந்தால், 2013 சாம்பியன்ஸ் கோப்பையில் இஷாந்தை அழைக்க அவர் அங்கே இருந்திருக்க மாட்டார்.

2014 டிசம்பர் 30 அன்று மெல்போர்னில் தொடரின் நடுவிலேயே டெஸ்ட்டிலிருந்து ஓய்வு. 2017 ஜனவரியில் மற்ற இரு வடிவங்களின் கேப்டன் பதவியையும் விட்டார். இவை அவர் கையால் எழுதியவை. ஆனால் அதே 2017இல், சென்னை அணி தடையில் இருந்தபோது அவர் ஆடிய புனே அணி, அவரை நீக்கி ஸ்டீவ் ஸ்மித்தைக் கேப்டனாக்கியது. இரண்டு உலகக் கோப்பை வென்றவர், சாதாரண வீரராக அந்த ஆண்டு முழுவதும் ஆடினார். லீக்கில் பதவி யாருடையது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பதவியைக் கைமாற்றுவதும் எளிதல்ல. 2022இல் தொடர் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது சென்னை அணி ஜடேஜாவைக் கேப்டனாக அறிவித்தது. எட்டு ஆட்டத்தில் ஆறு தோல்விக்குப் பின் அவர் பொறுப்பைத் திருப்பிக் கொடுத்தார். தோனி மீண்டும் வந்தார். 2024இல் ருதுராஜ் கெய்க்வாட். 2025இல் அவருக்கு முழங்கை முறிய, மறுபடியும் தோனி.

ரோகித் ஏன் மாற்றப்பட்டார்

இனி முதல் கேள்விக்கு விடை சொல்வது எளிது. காரணங்கள் மூன்று:

1. ரோகித் 2024 ஜூனில் டி20, 2025 மேயில் டெஸ்ட் என இரண்டு வடிவங்களிலிருந்து ஏற்கெனவே ஓய்வு பெற்றுவிட்டார். மிச்சம் இருந்தது ஒருநாள் ஆட்டம் மட்டும்.

2. டெஸ்ட்டுக்கு கில், டி20க்கு சூர்யகுமார், ஒருநாளுக்கு ரோகித் என்று மூன்று கேப்டன்கள் இருப்பது நடைமுறைக்கு ஒத்துவராது என்று அகார்கர் சொன்னார். ஒவ்வொரு கேப்டனுக்கும் திட்டம் வேறு; பயிற்சியாளர் ஒருவர்.

3. அடுத்த ஒருநாள் உலகக் கோப்பை 2027இல். அதற்குள் ஒருநாள் ஆட்டங்கள் குறைவாகவே உள்ளன. புதியவருக்குப் பழக நேரம் வேண்டும்.

தேர்வுக் குழு பின்னால் பார்த்துப் பரிசு கொடுப்பதில்லை. முன்னால் உள்ள தொடரைப் பார்த்து ஆளை நியமிக்கிறது. ரோகித்துக்கு மனம் புண்பட்டிருக்கும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் கில் 2025 கோடையில் இங்கிலாந்தில், டெஸ்ட் கேப்டனாகத் தன் முதல் தொடரிலேயே 754 ரன் குவித்து, தொடரை 2-2 என்று சமன் செய்து காட்டிய பிறகு, அந்த முடிவை அவசரம் என்று சொல்லவும் முடியாது.

மதுரைக்கு இதில் என்ன இருக்கிறது

டிக்ளேர், ஃபாலோ-ஆன், மூன்றாம் நாள் மாலையில் தேய்ந்த பந்தோடு விக்கெட் எடுக்கும் வழி: இவையெல்லாம் பல நாள் ஆட்டத்தில் மட்டுமே கற்கக் கூடியவை. டென்னிஸ் பந்துப் போட்டிகள் மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கம் ஆண்டு முழுவதும் நடக்கின்றன. அவை அடிக்கவும் யார்க்கர் வீசவும் சொல்லிக்கொடுக்கும். நான்கு நாள் ஆட்டத்தை நடத்தச் சொல்லிக்கொடுக்காது. தென் மாவட்டத்துப் பையன்களிடம் குறைவாக இருப்பது இந்தப் பழக்கம்தான்.

சிந்தாமணியில் வந்திருக்கும் மைதானத்தில் டி20 ஆட்டங்களுக்குக் கூட்டம் தானாக வரும். கேப்டன்கள் இங்கிருந்து உருவாக வேண்டுமானால், வயதுப் பிரிவின் பல நாள் ஆட்டங்களும் ரஞ்சி ஆட்டங்களும் அங்கே ஒதுக்கப்பட வேண்டும். மாவட்ட அணிப் பயிற்சியாளர்கள் பையன்களை அழைத்துப்போய் உட்காரவைக்க வேண்டும். பேட்ஸ்மேனைப் பார்க்காமல், ஓவர் முடிந்ததும் மிட்-ஆஃபில் நிற்கும் கேப்டன் யாரிடம் போகிறார், யாரை எங்கே நகர்த்துகிறார் என்று ஒரு முழு நாள் குறித்துவைக்கச் சொல்ல வேண்டும்.